கொழும்பில் பழைய பாணிப் பூத்தையல் கவுண்: முதல் ஓடரை எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சாறிச் சட்டையும் பாடசாலைச் சீருடையும் தைத்துக் கை பழகிய ஒருவர், பழைய பாணியில் பூத்தையல் செய்த கவுண் ஒன்றுக்கு முதன்முதலாக ஓடர் எடுக்கும்போது எங்கெங்கே தடுக்கி விழுவார் என்பதை வெள்ளவத்தையில் என் வீட்டு முன்னறை மேசையில் இருந்தே நான் படித்துக்கொண்டேன். என் முதல் ஓடரில் கூலி கைக்கு வரவில்லை என்பதோடு, துணிக்குக் கொடுத்த காசிலும் ஒரு பகுதி போய்விட்டது. வேலைகளை முன்பின்னாகச் செய்ததும், எழுதி வாங்க வேண்டியவற்றை வாய்ப்பேச்சோடு விட்டதுமே அதற்குக் காரணம். ஆகவே இக்கட்டுரையில் தையல் பாடம் குறைவாகவும், வேலை ஒழுங்கும் கணக்கும் தாள்களும் கூடுதலாகவும் இருக்கும். நேராகத் தைக்கவும், டாட் பிடிக்கவும், சிப் வைக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. எந்தக் காலத்துப் பாணி என்பதை உறுதி செய்யுங்கள்

‘வின்டேஜ்’ என்று சொல்லிக்கொண்டு வருபவர் பெரும்பாலும் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டுவார். அந்தப் படம் எந்தப் பத்தாண்டுக்குரியது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால், துணியும் வெட்டும் உழைப்பும் எவ்வளவு என்பது பாதி விளங்கிவிடும். 1920களின் கவுண் இடைக்கோடு கீழிறங்கி நேராக விழுவது. அதன் அழகு மணிவேலையில் இருப்பதால், மெல்லிய துணி பாரம் தாங்காமல் கீழே இழுபடும். 1930களின் கவுண் கிறோஸ் வெட்டில், அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக வெட்டி, உடலோடு வழிவது. துணி கூடுதலாகச் செலவாகும், தைக்கும்போதும் நெளியும். 1947இல் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் காட்டிய ஒடுங்கிய இடையும் அகன்ற பாவாடையுமே 1950களின் கவுண்களில் நாம் காண்பது. 1960களின் ஏ-லைன் கவுண் தோளிலிருந்து மெதுவாக விரிந்து முழங்காலருகே முடியும்.

முதல் ஓடராக ஏ-லைனையே எடுங்கள். தையல்கோடுகள் குறைவு, முன்பக்கம் வெட்டுப்படாத ஒரே பரப்பாகக் கிடைக்கும், பூத்தையலுக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. இரண்டாவதாக 1950களின் அகன்ற பாவாடைக்குப் போகலாம். கிறோஸ் வெட்டுக் கவுணை, யாரோ ஒருவர் எவ்வளவு கேட்டுக்கொண்டாலும், இரண்டு மூன்று ஓடர்களுக்குப் பிறகே தொடுங்கள். கொழும்பின் புழுக்கத்தில் பொலியெஸ்டர் உள்துணி போட்ட கவுணை அணிந்தவர் மண்டபத்தில் ஒரு மணித்தியாலம்கூட நிம்மதியாக இருக்க மாட்டார். மெல்லிய பருத்தி மல் துணியை உள்ளுக்கு வையுங்கள், விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

2. ஒரு பூவைத் தைத்து நேரம் பார்த்த பின்பே விலை சொல்லுங்கள்

நான் நட்டப்பட்டது இந்த இடத்தில்தான். கழுத்தைச் சுற்றி ஒரு முல்லைக்கொடி கேட்டார்கள். கண்ணளவில் பார்த்து ஒரு கிழமை வேலை என்று சொல்லி, அதற்கேற்ற ஒரு தொகையையும் சொல்லிவிட்டேன். மூன்று கிழமை எடுத்தது.

இப்போது நான் செய்வது இதுதான்: அதே துணியில், அதே நூலில் ஓர் இலையையும் ஒரு பூவையும் தைத்து, மணிக்கூட்டைப் பார்த்து எழுதிக்கொள்வேன். 3 சென்ரிமீற்றர் நீளமான இலை ஒன்றை நிரப்புத் தையலில் முடிக்க எனக்கு 25 நிமிடம் பிடிக்கிறது. 60 இலை என்றால் 25 மணித்தியாலம். ஊசியில் நூல் கோப்பது, சட்டகத்தை நகர்த்துவது, பிழைத்ததைப் பிரிப்பது ஆகியவற்றுக்காக அதில் காற்பங்கைக் கூட்டினால் ஏறத்தாழ 31 மணித்தியாலம் வரும். கண்ணும் முதுகும் ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நுண்வேலையைத் தாங்குவதில்லை. ஆகவே இலைகளுக்கு மட்டும் 11 நாள் வேண்டும். மணிக்கூலி எவ்வளவு என்பது உங்கள் முடிவு. கணக்கு விளங்குவதற்காக 500 ரூபா என்று வைத்தால், இலைகளுக்கான கூலி மட்டும் 15,500 ரூபா ஆகிறது. இதனோடு துணி, உள்துணி, நூல், சிப், கொளுக்கி, அளவு பார்ப்பதற்காக முதலில் தைக்கும் மாதிரிச் சட்டைக்கான துணி, புறக்கோட்டைக்குப் போய்வந்த செலவு ஆகியவற்றைத் தனித்தனி வரியாக எழுதி, பொருட்செலவில் பத்திலொரு பங்கைத் தேய்மானமாகச் சேர்த்து, பிறகு வெட்டுக்கூலியும் தையற்கூலியும் போடுங்கள்.

“பிள்ளை, இந்தச் சின்னப் பூவுக்கு இவ்வளவு காசோ?” என்று மணப்பெண்ணின் தாயார் கேட்பார். கோபிக்க வேண்டாம்; தைத்த இலையைக் கையில் கொடுத்து, “அன்ரி, இது ஒன்றுக்கு 25 நிமிஷம்” என்று சொல்லுங்கள். அதன் பிறகும் தொகை கூடுதலாகத் தோன்றினால் வேலைப்பாட்டைக் குறைக்கலாம்: இலைகளை நாற்பதாக்கலாம், உள்ளே நிரப்பாமல் வெளிக்கோட்டை மட்டும் காம்புத் தையலில் விடலாம், கொடியைச் சங்கிலித் தையலில் ஓட்டலாம். மணிக்கூலியை மட்டும் குறைக்காதீர்கள். ஒருமுறை குறைத்தால் அவருடைய உறவினர் அனைவருக்கும் அதுவே உங்கள் விலையாகிவிடும்.

3. ஓடர்த் தாளை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்

ஒரு தாளில் இரண்டு பிரதி போதும். அதில் கவுணின் முன்புற, பின்புற வரைபடம், துணியின் வெட்டுத்துண்டு, நூல் நிறங்களின் எண்கள், தைத்துக் காட்டிய மாதிரிப் பூ, மொத்தத் தொகை, முற்பணம், அளவு பார்க்க வர வேண்டிய திகதிகள், கையளிக்கும் திகதி ஆகியவை இருக்க வேண்டும். முற்பணம் குறைந்தது பொருட்செலவு முழுவதையும் மூட வேண்டும். நான் மொத்தத்தில் பாதியை வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுக்கிறேன். துணி வெட்டிய பிறகு வரைபடத்தை மாற்றினால் மேலதிகக் கூலி உண்டு என்ற வரியையும், முற்பணம் எந்தக் கட்டத்துக்குப் பிறகு திருப்பித் தரப்படாது என்ற வரியையும் மறக்காமல் சேருங்கள்.

கையளிக்கும் திகதியை விழாவுக்குப் பத்து நாள் முன்னதாகக் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கைப்பூத்தையல் உள்ள கவுணுக்கு எட்டுக் கிழமைக்குக் குறைந்த அவகாசத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள்: அளவுக்கும் மாதிரிச் சட்டைக்கும் ஒரு கிழமை, துணி வாங்கி நனைத்து உலர்த்த ஒரு கிழமை, பூத்தையலுக்கு நான்கு, வெட்டித் தைக்க ஒன்று, திருத்தத்துக்கு ஒன்று. தை, ஆவணி மாதங்களில் கலியாணங்கள் நெருங்கி வருவதால் அந்த ஓடர்களை முந்திய ஆடியிலும் மார்கழியிலுமே தைத்து முடிக்க வேண்டியிருக்கும். ஊருக்கு அமைதியான மாதம் தைப்பவருக்கு நெருக்கடியான மாதம்.

பழைய துணியைக் கொண்டுவந்து அதிலிருந்து கவுண் கேட்பவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய பாணியை விரும்புகிறவர் எப்படியும் அம்மம்மாவின் கூறைச்சாறியோடு ஒரு நாள் வந்து நிற்பார். முதலில் அதை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பல ஆண்டு மடித்தே வைத்த பட்டு, மடிப்புக் கோட்டில்தான் முதலில் இற்றுப்போகும். மடிப்பின் இரு பக்கத்தையும் பிடித்து மெதுவாக இழுக்கும்போது இழை பிரிந்தால், அந்தப் பகுதியை உடலை இறுக்கிப் பிடிக்கும் மேற்பகுதிக்குப் பயன்படுத்த முடியாது. பின்னால் மல் துணி வைத்துப் பாவாடையின் கீழ்க்கரையாகவோ, வெட்டி ஒட்டுவேலையாகவோதான் வைக்கலாம். இதைத் துணியின் படங்களோடு ஓடர்த் தாளில் எழுதிவிடுங்கள்.

அதோடு, சாறி யாருடையதோ அந்த வீட்டில் வெட்டுவதற்கு எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்டு, உரிமையுள்ள மூத்தவர் ஒருவரின் கையொப்பத்தை வாங்குங்கள். நான் ஒரு கூறையின் முந்தானையை வெட்டிய மறுநாள், அந்தப் பெண்ணின் பெரியம்மா என் வாசலில் வந்து நின்று அழுதார். அந்தத் துணியை நான் எப்படி ஒட்டித் திருப்பிக் கொடுப்பது? பிறகு அந்தக் குடும்பம் சமாதானமாகிவிட்டது. எனக்குத்தான் இன்றுவரை கூறைச்சாறியைக் கண்டால் கத்தரிக்கோல் எடுக்கக் கை கூசுகிறது.

4. அளவும் கடதாசி மாதிரியும்

விழாவன்று அணியப்போகும் உள்ளாடையோடும் செருப்போடும் வரச்சொல்லி அளவெடுங்கள். மார்பு, இடை, இடுப்பு ஆகியவற்றோடு, பின்கழுத்து எலும்பிலிருந்து இடைவரையான முதுகு நீளத்தையும் மேற்கைச் சுற்றளவையும் எடுக்க மறக்காதீர்கள். 1950களின் பாணியில் இடைக்கோடு அரை அங்குலம் தவறினாலும் கவுணின் தோற்றமே கெட்டுவிடும். கையில்லாத, இறுக்கமான மேற்பகுதிக்கு மார்பில் 2 அங்குலமும் இடையில் 1 அங்குலமும் தளர்வு விடுகிறேன்.

பழைய பற்றன் (அச்சிட்டு விற்ற கடதாசி மாதிரி) உறை ஏதாவது உங்களுக்குக் கிடைத்தால் அதில் அச்சிட்ட அளவு எண்ணை நம்பாதீர்கள். 1950களின் தொடக்கத்தில் 14 என்று குறித்த பற்றன் 32 அங்குல மார்புக்கானது. இன்றைய கடைக் கவுணில் அதே எண் வேறொரு உடம்புக்குரியது. உறையில் உள்ள மார்பளவை மட்டும் பாருங்கள்.

முழுவட்டப் பாவாடையில் பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. இடை 28 அங்குலம் என்றால் அதை 6.28ஆல் வகுக்க ஏறத்தாழ 4.5 அங்குலம் வரும். அதுவே நடுவட்டத்தின் ஆரம். ஆனால் 4.5இல் வெட்டி, அரை அங்குலம் உள்ளே தைத்தால் தையல்கோடு 5 அங்குல ஆரத்தில் விழுந்து, இடை 31 அங்குலத்துக்கு மேல் அகன்றுவிடும். ஆகவே 4 அங்குலத்தில் வெட்டுங்கள். பாவாடை நீளம் 26 அங்குலம், ஓரமடிப்பு 1 அங்குலம் என்றால் மொத்த ஆரம் 31.5 அங்குலம், 45 அங்குல அகலத் துணியில் இரண்டு அரைவட்டங்களாக எடுக்க 126 அங்குலம், அதாவது 3.5 யார் வேண்டும். மேற்பகுதிக்குத் தனியாக 1.25 மீற்றர் வாங்குகிறேன்.

நல்ல துணியைத் தொடுவதற்கு முன் விலை குறைந்த காடாத் துணியில் மேற்பகுதியை மட்டும் தைத்து அணிந்து பார்க்கச் சொல்லுங்கள். இதற்குச் செலவாகும் ஒரு மீற்றரை மிச்சம்பிடிக்க நினைப்பது வீண்.

5. துணியும் நூலும் வாங்குதல்

புறக்கோட்டைப் பிரதான வீதியிலும் அதன் குறுக்குத் தெருக்களிலும் வேண்டியவற்றில் பெரும்பகுதி கிடைத்துவிடும். வெள்ளவத்தையிலிருந்து 100, 101ஆம் இலக்கப் பஸ்கள் போகின்றன; ஆடிவேல் ஊர்வலம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் நாட்களில் காலி வீதியை நம்பாமல், கோட்டைக்குப் புகையிரதத்தில் போவதே மேல். ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளும் பல கடைகள் பூட்டியிருக்கும். தீபாவளிக்கும் நத்தாருக்கும் முந்திய இரண்டு கிழமைகளில் நின்று நிதானமாக நிறம் பார்க்க யாரும் விடமாட்டார்கள்.

கடையில் சொல்லும் விலை யார்க் கணக்கிலா மீற்றர்க் கணக்கிலா என்று கேளுங்கள். ஒரு யார் 91.44 சென்ரிமீற்றர்தான், மேலே சொன்ன 3.5 யார் என்பது 3.2 மீற்றர். துணியின் அகலத்தை உங்கள் நாடாவாலேயே அளந்து பாருங்கள், கைத்தறித் துணியின் அகலம் கடைக்குக் கடை வேறுபடும். பூத்தையல் நூலை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் வாங்கும் அதே எண் சாயத்தில் ஒரு மயிரிழை வேறுபட்டு, கழுத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு பச்சையாகத் தெரியும். 8 மீற்றர்ச் சிட்டம் ஒன்றில் ஆறு இழைகள் இருப்பதால், இரண்டிரண்டு இழையாகத் தைத்தால் 24 மீற்றர் நூல் கிடைக்கிறது.

பழைய பாணிக் கவுணுக்கு காலி, வெலிகமைப் பக்கத்துப் பெண்கள் கையால் பின்னும் பீரலு இறேந்தையைப்போலப் பொருந்துவது வேறொன்றும் இல்லை என்பது என் எண்ணம். கையால் பின்னுவதால் குறித்த அகலத்தில் நினைத்த நேரம் கிடைக்காது. முதலில் இறேந்தையை வாங்கிவிட்டு, அதன் அகலத்துக்கேற்பக் கழுத்தையும் கையையும் வரையுங்கள். இயந்திரத்தில் செய்ததையும் அதே பெயரில் விற்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாக் கண்ணியும் அச்சு அசலாக ஒரேமாதிரி இருந்தால் ஐயப்படுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் துணி, உள்துணி, பருத்தி இறேந்தை மூன்றையும் தனித்தனியே குளிர்ந்த நீரில் நனைத்து உலர்த்துங்கள். சிவப்பும் மெரூனும் சாயம் விடுகின்றனவா என்பதை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். பட்டுத் துணியை நனைக்க வேண்டாம்.

6. பூத்தையல் முதலில், கத்தரிக்கோல் பிறகு

தைத்து முடித்த கவுணின்மேல் பூத்தையல் செய்ய வேண்டாம், வெட்டிய துண்டின்மேலும் வேண்டாம். கடதாசி மாதிரியைத் துணியில் வைத்து, வெட்டுக்கோட்டையும் தையல்கோட்டையும் நிறநூலால் ஓடு தையல் போட்டுக் குறித்து, சுற்றிலும் குறைந்தது 2 அங்குலம் துணி விட்டு ஒரு செவ்வகமாக மட்டும் வெட்டியெடுங்கள். அடர்த்தியான பூத்தையல் துணியைச் சுருக்கும். அதனால் வேலை முடிந்த பின் மாதிரியை மறுபடி வைத்துப் பார்த்து, கோடுகளைத் திருத்திய பிறகே வெட்ட வேண்டும். முதல் ஓடரில் வெட்டியெடுத்த கைத்துண்டிலேயே நான் பூ வைத்தேன். ஒரு கை மற்றதைவிடக் கால் அங்குலம் ஒடுங்கிப்போயிற்று.

வரைபடத்தைத் துணிக்கு மாற்றுவதற்கு ஆரிவேலை செய்பவர்களின் முறை எனக்குப் பிடித்தது: எண்ணெய்த்தாளில் கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப்பொடியைத் துணித்துண்டால் தடவ வேண்டும். பேனை பயன்படுத்துகிறவர்கள் இரண்டு பொறிகளை அறிந்திருக்க வேண்டும். நீரில் அழியும் பேனைக்கோட்டின்மேல் மின்னழுத்தி பட்டால் அந்தக் கோடு பிறகு போகாது. சூட்டில் அழியும் பேனைக்கோடு கடுங்குளிரில் திரும்பத் தோன்றக்கூடியது. கொழும்பில் அது பிரச்சினையில்லை, ஆனால் கவுண் கனடாவுக்குப் போகும் மணப்பெண்ணுடையதாக இருந்தால் பனிக்காலத்தில் அவருடைய கழுத்தைச் சுற்றி உங்கள் வரைபடம் முழுவதும் வெளிவரும். இருண்ட நிறத் துணியில் அதே பேனை வெளிறிய தடத்தையும் விட்டுவிடும்.

நூலை 45 சென்ரிமீற்றருக்கு மேல் நீளமாக எடுக்காதீர்கள், துணியில் உரசி உரசிப் பஞ்சாகிவிடும். வட்டச் சட்டகத்தை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். முத்து, மணி, சமிக்கி எதையும் தையல்கோட்டுக்கு அரை அங்குலத்துக்குள் வைக்காதீர்கள். இயந்திர ஊசி அதில் பட்டு உடைந்து முகத்துக்குத் தெறிக்கும். அந்த இடைவெளியைக் கவுணைத் தைத்து முடித்த பிறகு கையால் நிரப்பலாம்.

7. தைத்தலும் முடிப்பும்

ஒவ்வொரு கவுணுக்கும் புதிய இயந்திர ஊசி போடுங்கள். மெல்லிய துணிக்கு 70, நடுத்தரப் பருத்திக்கு 80. முழுவட்டப் பாவாடையை இடையோடு இணைத்ததும் ஓரத்தை மடிக்காமல் 24 மணித்தியாலம் தொங்கவிடுங்கள். கிறோஸாக விழும் இடங்கள் தாமாகவே கீழிறங்கும். பின்னர் ஆளை நிறுத்தி, தரையிலிருந்து அளந்து ஓரத்தைச் சமப்படுத்த வேண்டும். பூத்தையலைத் தடித்த துவாயின்மேல் கவிழ்த்து வைத்துப் பின்பக்கமாக அழுத்துங்கள். சமிக்கி சூட்டில் சுருங்கிவிடும் என்பதால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

கடற்கரைக்கு அருகில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: உப்புக்காற்றில் மலிவான குண்டூசி ஓரிரவிலேயே கறை விடும், கொளுக்கியும் துருப்பிடிக்கும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்கிலானவற்றையே வாங்குங்கள். சரிகை உள்ள கவுணைப் பொலித்தீனில் சுற்றாமல் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள்.

8. வியாபாரப் பெயரைப் பதிவு செய்தல்

கடைப்பெயர் ஒன்று வைத்துப் பற்றுச்சீட்டு அடிக்கவும், அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும் விரும்பினால் பதிவுச் சான்றிதழ் வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்தவர்கள் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தையும், கொட்டாஞ்சேனைப் பக்கத்தவர்கள் கொழும்புப் பிரதேச செயலகத்தையும் நாட வேண்டும். விண்ணப்பப் படிவம், தேசிய அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், இடத்துக்கான உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை ஒரே கோவையில் வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மேலதிகப் பிரதிகளோடு போங்கள். கிராம உத்தியோகத்தர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருப்பதில்லை. கதவில் ஒட்டியிருக்கும் நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் இதற்காக மூன்று முறை அலைந்தேன், வாடகை ஒப்பந்தம் என் பெயரில் இல்லாமல் கணவர் பெயரில் இருந்ததே காரணம். உங்கள் ஒப்பந்தமும் அப்படியென்றால் வீட்டுக்காரரிடமிருந்து சம்மதக் கடிதத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள். தொடர்மாடியில் இருப்பவர்கள் வீட்டில் தொழில் செய்ய நிர்வாகம் அனுமதிக்கிறதா என்றும் கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் இரவு ஒன்பதுக்குப் பிறகு இயந்திரத்தை ஓட்டாதீர்கள். அந்த நேரத்தைப் பூத்தையலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

9. கையளித்தல்

கடைசி அளவு பார்க்கும்போது அணிந்தவரை இருக்கச் சொல்லுங்கள், கையை உயர்த்தச் சொல்லுங்கள், படியில் ஏறச் சொல்லுங்கள். நின்றபடி கண்ணாடியில் பார்க்கும்போது எல்லாக் கவுணும் சரியாகத்தான் இருக்கும். மிகுதிப் பணத்தைப் பெற்று, ஓடர்த் தாளின் இரண்டு பிரதியிலும் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையொப்பம் வாங்கிய பிறகே கவுணை வைத்த உறையைக் கொடுங்கள். படம் எடுத்து மற்றவர்களுக்குக் காட்டுவதானால் அதற்கான சம்மதத்தையும் அதே தாளில் ஒரு வரியாக எழுதி வாங்கலாம்.

உறைக்குள் ஒரு சிறு துணிப்பையில் மேலதிகத் தெறிகள், ஒவ்வொரு நிறத்திலும் ஒரு முழம் நூல், வெட்டிய துணியில் மீந்த துண்டு ஆகியவற்றையும், எப்படிக் கழுவ வேண்டும் என்று தமிழில் எழுதிய ஒரு சீட்டையும் வையுங்கள். கூறைச்சாறியில் தைத்திருந்தால் மீந்த துண்டு எவ்வளவு சிறியதானாலும் ஒன்றையும் உங்களிடம் வைத்துக்கொள்ளாமல் பெரியவர் ஒருவரின் கையில் கொடுங்கள். கடதாசி மாதிரியில் பெயரையும் திகதியையும் எழுதிச் சுருட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அவரே திரும்பி வந்தாலும், வெட்டுவதற்கு முன் அளவைப் புதிதாகவே எடுங்கள்.